கிறிஸ்தவரானதால் வீட்டார் ஒதுக்கினார்களா? ஜெபமும் சொத்துப் பங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் இந்துக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதால் வீட்டாரால் ஒதுக்கப்பட்டவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். பிறப்பிலேயே கிறிஸ்தவர்களாக இருந்து சொத்துக்காக உடன்பிறந்தாரோடு முட்டி நிற்பவர்களுக்கும் இதில் பல கேள்விகள் பொருந்தும். ஜெபத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, காகிதத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒன்றை வைத்து மற்றொன்றைத் தட்டிக்கழிக்கும்போதுதான் பலர் இரண்டையும் இழக்கிறார்கள்.

ஞானஸ்நானம் எடுத்துவிட்டேன். "அந்த மதத்துக்குப் போனவனுக்குப் பங்கு கிடையாது" என்கிறார்கள். உண்மையா?

உண்மையில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், அவருடைய தாயார் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள்; ஆளுக்குச் சம பங்கு. மதம் மாறிய மகனோ மகளோ அந்தப் பட்டியலிலிருந்து நீங்குவதாக அந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. சட்டத்தில் சொல்லியிருப்பதைத் தவிர வேறு எந்தக் காரணத்துக்காகவும் ஒருவருடைய வாரிசுரிமையைத் தடுக்கக் கூடாது என்று 28-வது பிரிவு சொல்கிறது. மதம் மாறியவர்களின் சொத்துரிமையைப் பறிக்கும் வழக்கங்கள் செல்லாது என்று 1850-லேயே சாதித் தடைகள் நீக்கச் சட்டம் வந்துவிட்டது. 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றமும், மதம் மாறிய மகளுக்கு இந்துத் தகப்பனின் சொத்தில் பங்கு உண்டு என்றே தீர்ப்பளித்தது.

ஊர்ப் பெரியவர் சொன்னார், கிராம நிர்வாக அலுவலர் சொன்னார், பத்திரம் எழுதுபவர் சொன்னார் என்று கேட்டுவிட்டு உரிமையைக் கைவிட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் யாரும் இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் உள்ளவர்கள் இல்லை.

பூர்வீகச் சொத்திலும் அப்படியேவா?

இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு வருகிறது. ஒருவர் மதம் மாறும் நாளில் கூட்டுக் குடும்ப உறுப்பினர் என்ற நிலை முடிகிறது. அன்றைக்கு அவருக்கு இருந்த பங்கு அவருடையதாகவே நிற்கிறது. பங்கு அழிவதில்லை, பிரிந்து நிற்கிறது. ஆகவே ஞானஸ்நானம் எடுத்த தேதி ஒரு முக்கியமான சட்டத் தேதி. சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் வாங்கி வையுங்கள்.

பெண்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்பதைத் தமிழ்நாடு 1989-ல், அப்போது திருமணமாகாத மகள்களுக்குக் கொடுத்தது. நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் அது 9.9.2005-ல் வந்தது. உங்கள் ஞானஸ்நானம் இந்தத் தேதிகளுக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து வாதமே மாறக்கூடும். வக்கீலைப் பார்க்கும்போது இதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தகப்பனார் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

என் பிள்ளைகளுக்குத் தாத்தா சொத்தில் உரிமை உண்டா?

பலரும் கேட்காமல் விட்டு, பின்னால் அழும் கேள்வி இதுதான். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-வது பிரிவு, மதம் மாறியவரைத் தொடுவதில்லை. மாறிய பிறகு அவருக்குப் பிறந்த பிள்ளைகளைத் தொடுகிறது. அந்தப் பிள்ளைகள், வாரிசுரிமை திறக்கும் நேரத்தில், அதாவது சொத்துக்காரர் இறக்கும்போது, இந்துக்களாக இல்லாவிட்டால், இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு மூத்த பிள்ளை 2008-ல் பிறந்தது. 2010-ல் அவர் ஞானஸ்நானம் எடுத்தார். இளைய பிள்ளை 2013-ல் பிறந்தது. அவருடைய தகப்பனார் இந்து, உயிரோடு இருக்கிறார். தகப்பனாருக்கு முன்பே இவர் இறந்துபோனால், பிற்பாடு தாத்தாவின் சொத்தில் இவருக்குரிய இடத்தில் நின்று மூத்த பிள்ளை கேட்கலாம். இளைய பிள்ளை கேட்க முடியாது. தாத்தா முதலில் இறந்தால் கதை வேறு: பங்கு நேராக இவருக்கு வருகிறது. அதன்பின் இவர் இறக்கும்போது அது ஒரு கிறிஸ்தவரின் சொத்து. மனைவிக்கு மூன்றில் ஒன்று, இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. இளைய பிள்ளைக்கு எந்தத் தடையும் இல்லை.

தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் மீது பாசம் இருந்தால், அவர்கள் உயிலோ தான செட்டில்மென்ட் பத்திரமோ எழுதினால் போதும். 26-வது பிரிவு அதைத் தடுக்காது. வாரிசாக வருவதற்குத்தான் தடை, கொடுப்பதைப் பெறுவதற்கு இல்லை.

அப்பா என்னை விலக்கி உயில் எழுதிவிட்டாராம்.

தன் சம்பாத்தியச் சொத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அதை மதக் காரணம் காட்டி எதிர்க்க முடியாது. பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டும் எழுதலாம், உங்கள் பங்கை எழுத முடியாது.

ஆனால் "உயில் இருக்கிறது" என்று சொல்வதும் உயில் இருப்பதும் வேறு. நகலைக் கேளுங்கள். குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஒவ்வொருவரும் எழுதியவர் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். நீதிமன்றத்தில் உயிலை நிரூபிக்க, உயிரோடிருக்கும் ஒரு சாட்சியாவது வந்து சொல்ல வேண்டும். எழுதியபோது அவர் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தாரா, முழுச் சொத்தையும் பெறுபவரே முன்நின்று எழுத வைத்தாரா என்பதெல்லாம் நீதிமன்றம் பார்க்கும் விஷயங்கள். பதிவு செய்த உயில் என்பதாலேயே கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது.

பங்கு கேட்பது விசுவாசத்துக்கு விரோதமில்லையா? "பரலோகத்தில் சுதந்தரம் இருக்கிறதே" என்கிறார்களே?

இப்படிச் சொல்பவர்கள் லூக்கா 12:13-15-ஐக் காட்டுவார்கள். ஆஸ்தியைப் பாகம் பிரிக்கும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று ஒருவன் கேட்கிறான். இயேசு, தாம் பங்கு பிரிப்பவராக வைக்கப்படவில்லை என்று மறுத்து, பொருளாசையைக் குறித்து எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கை பங்கு கேட்பவருக்கும் உண்டு, பங்கைத் தர மறுப்பவருக்கும் உண்டு. ஒதுக்கப்பட்டவரின் வாயை மட்டும் அடைக்க அதைப் பயன்படுத்துவது நியாயமில்லை.

வேதாகமத்தில் பங்கு கேட்டு நின்றவர்கள் உண்டு. எண்ணாகமம் 27-ல் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேக்கும் தலைவர்களுக்கும் முன்பாக வந்து, எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லை என்பதால் அவருடைய பேர் ஏன் அற்றுப்போக வேண்டும், எங்களுக்குக் காணி வேண்டும் என்று கேட்டார்கள். மோசே அதைக் கர்த்தரிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது சரி என்றே பதில் வந்தது. யோபு 42:15-ல் யோபு தன் மகள்களுக்கு அவர்கள் சகோதரர் நடுவே சுதந்தரம் கொடுத்தார். நாபோத் தன் பிதாக்களின் நிலத்தை ராஜாவுக்கே கொடுக்க மறுத்தார் (1 இராஜாக்கள் 21).

அடுத்து 1 கொரிந்தியர் 6. விசுவாசிக்கு விரோதமாக விசுவாசி வழக்காடுவதைப் பவுல் அங்கே கண்டிக்கிறார். இருவரும் ஒரே சபையாராக இருந்தால் அது நேராகப் பொருந்தும். முதலில் சபை மூப்பர்களிடம் போங்கள். விசுவாசத்துக்கு வெளியே இருக்கும் அண்ணன் தம்பிகளுடனான வழக்கை அந்தப் பகுதி பேசவில்லை. அதே பவுல் தனக்கு நியாயம் கிடைக்காது என்று கண்டபோது இராயனுக்கு அபயமிட்டார் (அப்போஸ்தலர் 25:11).

கேட்காமல் விட்டுக்கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆபிரகாம் லோத்துக்கு அப்படித்தான் விட்டுக்கொடுத்தார் (ஆதியாகமம் 13). ஆனால் அவர் மூத்தவர், முதலில் எடுத்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர். மிரட்டலுக்குப் பயந்து விடுவதை விட்டுக்கொடுத்தல் என்று சொல்லக் கூடாது. உங்கள் மனைவி, பிள்ளைகளின் சோறு அதில் இருந்தால் அவர்களைக் கேட்காமல் விட்டுவிடவும் கூடாது. 1 தீமோத்தேயு 5:8 அதைப் பற்றிக் கடுமையாகவே பேசுகிறது.

மன்னித்துவிட்டேன் என்றால் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாமா?

வேண்டாம். மன்னிப்பது இருதயத்தில் நடப்பது. விடுதலைப் பத்திரம், அதாவது பங்கை விட்டுவிட்டேன் என்று எழுதிக்கொடுப்பது, சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது. "நீ கிறிஸ்தவன்தானே, மன்னிக்கத் தெரியாதா, ஒரு கையெழுத்துத்தானே" என்று கேட்கும் வீடுகள் ஏராளம். அந்த ஒரு கையெழுத்தோடு உங்கள் பங்கு போய்விடும். பிறகு ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கினார்கள் என்று அதை ரத்து செய்ய, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

ஆகவே மூன்று கட்டுப்பாடுகள். வெற்று முத்திரைத் தாளில் கையெழுத்தோ ரேகையோ வைக்காதீர்கள். "வாரிசுச் சான்றுக்குத்தான்" என்று நீட்டும் எதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து முழுதாகப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். சாவு நடந்த வீட்டில், பதினாறாம் நாளுக்குள், எந்தப் பத்திரத்துக்கும் சம்மதிக்காதீர்கள். அழுகிற நேரத்தில் கை தானாக நீளும்.

முழு மனதோடு பங்கை அண்ணனுக்கோ அக்காவுக்கோ விட்டுக்கொடுக்க விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். ஒரு மாதம் பொறுத்து, பங்கின் மதிப்பைத் தெரிந்துகொண்டு, உங்கள் துணையின் சம்மதத்தோடு செய்யுங்கள்.

எப்படி ஜெபிப்பது? ஜெபிக்க உட்கார்ந்தாலே கோபம்தான் வருகிறது.

கோபத்தோடே உட்காருங்கள். அதை மறைத்துவிட்டு "ஸ்தோத்திரம்" என்று தொடங்குவதுதான் பலருக்கு ஜெபம் நின்றுபோகக் காரணம். சங்கீதப் புத்தகத்தில் முறையிடுகிற ஜெபங்கள் நிறைய இருக்கின்றன. ஒதுக்கப்பட்ட நாட்களுக்கு நான்கு சங்கீதங்கள் போதும். 13 - எதுவரைக்கும் என்று கேட்பது. 27 - தகப்பனும் தாயும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்ற வசனம் அதில் பத்தாவது. 55 - பகைவன் செய்திருந்தால் தாங்கியிருப்பேன், கூட இருந்தவனே செய்தானே என்று புலம்புவது. 37 - பொல்லாதவர் செழிப்பதைப் பார்த்து எரிச்சலாகாமல் இருக்கப் படிப்பது. இந்த வரிசையிலேயே வாசியுங்கள். முறையிடாதவருக்கு 37 வெறும் புத்திமதியாகவே கேட்கும்.

நேரம் 15 நிமிடம் வைத்துக்கொண்டால் போதும். முதல் ஐந்து நிமிடம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். அடுத்த ஐந்தில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: யார், எப்போது, என்ன சொன்னார். கடைசி ஐந்தில் உங்களை ஒதுக்கியவர்களில் ஒருவரின் பெயரைச் சொல்லி அவருக்காக ஒரே ஒரு நல்ல காரியம் கேளுங்கள். எல்லோருக்காகவும் ஒரே நாளில் கேட்க வேண்டாம், பொய்யாகிவிடும். இப்படி:

"ஆண்டவரே, அண்ணன் வாசலில் வைத்துச் சொன்ன வார்த்தை இன்னும் வலிக்கிறது. அவரை என்னால் இன்று நேசிக்க முடியவில்லை. அவருடைய முழங்கால் வலிக்கு மட்டும் சுகம் கேட்கிறேன். மீதியை நாளைக்குக் கேட்கிறேன்."

ஜெபம் எங்கே கெடுகிறது என்றும் சொல்ல வேண்டும். எதிராளிக்கு நோய் வர வேண்டும், வழக்கில் அவன் வக்கீல் தடுமாற வேண்டும் என்று கேட்கத் தொடங்கினால், அது சாபம். நியாயம் வெளிப்பட வேண்டும், பொய்ச் சாட்சி நிற்கக் கூடாது, எனக்கும் பேராசை வரக் கூடாது என்று கேட்கலாம். லூக்கா 18-ல் வரும் விதவை நியாயாதிபதியிடம் போய்க்கொண்டே இருந்தாள் என்பதைக் கவனியுங்கள். சோர்ந்துபோகாமல் ஜெபிக்கச் சொன்ன உவமை அது. அதில் வரும் பெண் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை.

சபை வாட்ஸ்அப் குழுவில் ஜெபக் குறிப்பாகப் போடலாமா?

"குடும்பக் காரியத்துக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் போடுங்கள். சர்வே எண், வழக்கு எண், அண்ணன் பெயர் எதுவும் வேண்டாம். அந்தச் செய்தியின் படம் மறுநாள் எதிர்த்தரப்பு கையில் இருக்கும். முழு விவரமும் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும்: போதகர் ஒருவர், வாயடக்கமுள்ள ஒரு விசுவாசி. மனைவி தனியாக ஜெபக்கூட்டத்தில் சொல்கிறாரா என்றும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

"அந்த நிலம் உனக்கே என்று கர்த்தர் சொல்கிறார்" என்று ஒருவர் தீர்க்கதரிசனம் சொன்னார். நம்பலாமா?

அதை நம்பிப் பத்திரம் தேடாமல் இருந்துவிடாதீர்கள், சமரசத்தையும் மறுக்காதீர்கள். வந்த நல்ல சமரசத்தை "கர்த்தர் முழுதும் தருவார்" என்று தள்ளிவிட்டுப் பத்து வருடம் நீதிமன்றம் ஏறி இறங்குவதில் விசுவாசம் எதுவும் இல்லை. சொன்னவரே "ஜெயித்தால் இத்தனை பங்கு ஊழியத்துக்கு" என்று பேசினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தீர்ப்பை வாங்குவதற்காகச் செய்யும் பொருத்தனை, காணிக்கையின் அர்த்தத்தையே கெடுக்கும்.

வழக்கு நாளில் உபவாசம் இருக்கலாமா?

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேண்டாம். சாட்சிக் கூண்டில் நிற்கப்போகும் நாளில் யாருமே வேண்டாம். தெளிவாகப் பதில் சொல்ல வேண்டிய நாள் அது. முந்தின நாள் இருங்கள்.

அப்பா இறந்தால் போகலாமா? கொள்ளி வைக்காவிட்டால் பங்கு போய்விடுமா?

போங்கள். கூப்பிடாவிட்டாலும் போங்கள். சடங்கு செய்யாததால் வாரிசுரிமை போகாது. சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. எந்தச் சடங்கில் கலந்துகொள்ளலாம், எதில் முடியாது என்பதை இப்போதே, எல்லோரும் நலமாக இருக்கும்போதே, போதகரிடமும் வீட்டில் மூத்தவரிடமும் பேசி வையுங்கள். பாடை தூக்குவது, தண்ணீர் கொண்டுவருவது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது, செலவில் பாதியை ஏற்பது என்று மனச்சாட்சிக்கு உறுத்தாமல் செய்யக்கூடியது எவ்வளவோ உண்டு. வாசலில் நின்று விவாதம் செய்வதைத்தான் ஊர் இருபது வருடம் நினைவில் வைத்திருக்கும். யாராவது தடுத்து அனுப்பினால் தெருமுனையில் நின்று ஜெபித்துவிட்டு வாருங்கள். மயானத்துக்குப் பின்னொரு நாள் போகலாம்.

முதலில் என்னென்ன காகிதம் சேர்க்க வேண்டும்?

சண்டை தொடங்கும் முன்பே, சத்தமில்லாமல்:

சொத்தின் சர்வே எண், உட்பிரிவு எண், கிராமம். இது தெரிந்தால் பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றை "எங்கிருந்தும் எந்நேரமும்" இணைய சேவையில் பார்க்கலாம். பட்டாவில் தாத்தா பெயரே இன்னும் இருக்கிறதா, அண்ணன் பெயருக்கு மாறிவிட்டதா என்று தெரிந்துவிடும்.

வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். குறைந்தது முப்பது ஆண்டுக்குப் போடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் செட்டில்மென்டோ பாகப்பிரிவினையோ நடந்திருந்தால் இதில் வரும். உயில் இதில் வராது. வில்லங்கத்தில் தெரியும் ஒவ்வொரு பத்திரத்தின் எண், ஆண்டைக் குறித்துக்கொண்டு சான்றிட்ட நகல் வாங்குங்கள். சொத்துப் பத்திரத்தின் நகலைக் கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. பதிவு செய்த உயிலின் நகலை மட்டும் எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவர்தான் வாங்க முடியும். இறந்த பிறகு இறப்புச் சான்றைக் காட்டிப் பிறர் வாங்கலாம்.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. வாரிசுச் சான்றை வட்டாட்சியர் தருகிறார். அதில் உங்கள் பெயரை விட்டுவிட்டு வாங்கியிருந்தால், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பழைய ரேஷன் கார்டு ஆகியவற்றோடு வட்டாட்சியரிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், பெற்றுக்கொண்ட முத்திரையோடு ஒரு படியை வாங்கி வையுங்கள். மேல்முறையீடு கோட்டாட்சியரிடம்.

பட்டா அண்ணன் பெயருக்கு மாறியதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். பட்டா வருவாய்த்துறைக் கணக்கு; அது மட்டுமே உரிமையைத் தருவதும் இல்லை, உங்கள் உரிமையைப் பறிப்பதும் இல்லை. நீங்கள் கையெழுத்திடாத பாகப்பிரிவினைப் பத்திரமும் உங்களைக் கட்டுப்படுத்தாது.

ஞானஸ்நானத்தில் பெயர் மாற்றினேன். அதனால் சிக்கல் வருமா?

அடிக்கடி வரும். பள்ளிச் சான்றில் முருகேசன், ஆதாரில் மோசஸ் என்று இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்பு நின்றுவிடும். எதிர்த்தரப்பு "அப்படி ஒரு மகனே கிடையாது" என்று சொல்வதும் உண்டு. தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டு அந்த இதழின் பிரதியை வைத்திருங்கள். பழைய பெயருள்ள எந்த ஆவணத்தையும் தூக்கிப் போடாதீர்கள். தகப்பனார் பெயரோடு உங்களை இணைக்கும் காகிதம் அதுதான். பெயரை அரசு ஆவணத்தில் மாற்றியே ஆக வேண்டும் என்று ஞானஸ்நானம் கேட்பதில்லை.

அண்ணனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

மத்தேயு 18:15-17-ல் இருக்கும் படிகள் இந்துக் குடும்பத்திலும் வேலை செய்யும்: முதலில் தனியாக, பிறகு ஒருவர் இருவரோடு, அதன் பிறகுதான் வெளியே. தனியாகப் பேச வழியில்லை என்றால் கடிதம் எழுதுங்கள். அதில் மதத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம், பழைய கணக்கும் வேண்டாம்.

"அண்ணனுக்கு வணக்கம். அப்பா பெயரில் உள்ள வீட்டையும் ஒன்றரை ஏக்கரையும் பற்றிப் பேச வேண்டும். என் பங்கு எனக்கு வேண்டும். உங்கள் பங்கில் எனக்கு ஆசை இல்லை. நீங்கள் குடியிருக்கும் வீட்டை உங்களுக்கே விட்டு, நிலத்தில் ஈடு கட்டினாலும் எனக்குச் சம்மதம். மாமாவை வைத்துப் பேசலாம். எந்த ஞாயிறு மாலை வசதி என்று சொல்லுங்கள்."

பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வரும் தபாலில் அனுப்பி, நகலை வையுங்கள். நடுவராகப் போதகரை அழைக்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அங்கே அவர் உங்கள் கட்சிக்காரராகத்தான் தெரிவார். இரு தரப்பும் மதிக்கும் தாய்மாமாவோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ பொருத்தம். பேசி முடிந்தால் வாய்ப் பேச்சோடு விடாமல் பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள்.

பேச்சு முறிந்துவிட்டது. வழக்குப் போடுவதென்றால்?

பாகப்பிரிவினை வழக்கு உரிமையியல் நீதிமன்றத்தில். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டதை நீங்கள் அறிந்த நாளிலிருந்து 12 ஆண்டு என்பது காலவரம்பு. "உனக்குப் பங்கில்லை" என்று நோட்டீசோ கடிதமோ வந்திருந்தால் அந்தத் தேதியைப் பத்திரப்படுத்துங்கள். நீதிமன்றக் கட்டணம், சொத்து இன்னும் கூட்டு அனுபவத்தில் இருக்கிறதா, உங்களை முழுதும் வெளியேற்றிவிட்டார்களா என்பதைப் பொறுத்து மிகவும் மாறும். நடந்ததை நடந்தபடி வக்கீலிடம் சொல்லுங்கள்.

விற்றுவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் வழக்கோடு சேர்த்தே இடைக்காலத் தடை கேளுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்குபவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான். முதல்நிலைத் தீர்ப்பாணை வந்ததும் ஜெயித்துவிட்டோம் என்று சாட்சி சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுகிறவர்கள் உண்டு. அதில் பங்கு எவ்வளவு என்பதுதான் முடிவாகும். ஆணையர் வந்து அளந்து, இறுதித் தீர்ப்பாணை வந்தால்தான் எந்தப் பக்கம் உங்களுடையது என்று தெரியும். அந்தக் கட்டத்துக்கு வழக்கு நகர்கிறதா என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

பணம் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி 15100. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய கட்டணமும் திரும்பும்.

கணவர் வீட்டில் என்னை வெளியே தள்ளிவிட்டார்கள்.

சொத்து வழக்குக்குக் காத்திருக்க வேண்டாம். குடும்ப வன்முறைச் சட்டம், 2005-ன்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். அடி விழும் இடத்தில் பொறுமையாக இருந்து ஜெபியுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெளியே வந்து ஜெபியுங்கள்.

நாங்கள் பிறப்பிலேயே கிறிஸ்தவர்கள். எங்களுக்கு என்ன சட்டம்?

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925. உயில் இல்லாமல் இறந்தால் கணவன் அல்லது மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன் மகள் பேதம் இல்லை. நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று என்பதெல்லாம் செல்லாது. பழைய திருவிதாங்கூரில் மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது என்று இருந்தது. மேரி ராய் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் 1925-ம் ஆண்டுச் சட்டமே பொருந்தும் என்றது. அந்தத் தீர்ப்பு கன்னியாகுமரி மாவட்டக் குடும்பங்களிலும் இன்னும் சிலருக்குத் தெரிவதில்லை.

கிறிஸ்தவர்களுக்குப் பிறப்பால் வரும் பூர்வீகப் பங்கு கிடையாது. தகப்பனார் உயிரோடிருக்கும்போது பங்கு கேட்டு வழக்குப் போட முடியாது. பிள்ளைகள் இருந்தால் இறந்தவருடைய பெற்றோருக்கும் பங்கில்லை. வயதான தாய்க்கு ஏதாவது சேர வேண்டுமானால் உயில்தான் வழி. கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில், கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். புதிதாக எழுத வேண்டும்.

உயிலில் போதகரைச் சாட்சியாகப் போடலாமா? சபைக்கும் எழுதலாமா?

சபைக்கு எழுதலாம். நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் தர்மகாரியத்துக்கு உயில் எழுதுவதைக் கட்டுப்படுத்திய, 1925-ம் ஆண்டுச் சட்டத்தின் 118-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2003-ல் நீக்கிவிட்டது. ஆனால் சாட்சியாகக் கையெழுத்திடுபவருக்கோ அவருடைய துணைக்கோ அந்த உயிலில் எழுதும் எதுவும் செல்லாது. போதகர் பெயருக்கு ஏதாவது எழுதினால் அவரைச் சாட்சியாக்காதீர்கள். உங்களைவிட இளையவர்கள் இருவரைத் தேர்ந்தெடுங்கள். நாளைக்கு வந்து சாட்சி சொல்ல அவர்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

என்னை ஒதுக்கிய பெற்றோரை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமா?

ஆம். தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி (கொர்பான்) தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழிப்பதை மாற்கு 7-ல் இயேசு கண்டிக்கிறார். பங்கு கொடுத்தார்களா என்பதைப் பொறுத்து அது மாறுவதில்லை. சட்டமும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 மூலம் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்க அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. கவனித்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய பிள்ளை கைவிட்டால், கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம் (23-வது பிரிவு). உங்களை விலக்கிவிட்டு எழுதிக்கொடுத்து, இப்போது சோறில்லாமல் இருக்கும் அம்மாவுக்கு இந்தச் செய்தியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டியிருக்கலாம்.

வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்றால் மாதம் ஒரு தேதியில் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், மருந்துச் சீட்டைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கி மாத்திரை வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் நிறுத்தாதீர்கள். வழக்குக்காகச் செய்கிறான் என்று ஒரு வருடம் சொல்வார்கள். அம்மா ஒருநாள் ராத்திரி யாருக்கும் தெரியாமல் போன் செய்தால், பத்திரத்தைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.